நாற்பத்தெட்டுக் கொக்கிகளும் ஒரு தாய்மாமனும்

பட்டறையை மருமகனிடம் ஒப்படைத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்து மூன்று வருஷமாகிறது. நம் வெல்டிங் பட்டறைக்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து என்னை இன்னும் யாரும் தூக்கவில்லை. மரியாதையாலா, மறதியாலா என்று தெரியவில்லை. எப்படியோ, நீங்கள் தினமும் போடுகிற படங்களைப் பார்க்கிற பாக்கியம் எனக்குக் கிடைத்திருக்கிறது.

என்ன படங்கள்! மொட்டை மாடியில் பளபளவென்று நாலு கால், மேலே வரிசையாகப் பட்டைக் குழாய்கள், அதற்குக் கீழே இரண்டு பிரம்பு நாற்காலி, தொங்கும் தொட்டியில் ஒரு செடி. அந்தச் செடி சித்திரை பத்தாம் தேதிவரைகூடத் தாங்காது என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கீழே ‘நம்ம ஒர்க்’ என்று எழுதி நெருப்புப் படம் நாலு. உடனே முப்பது பேர் கட்டை விரலைத் தூக்கிக் காட்டுகிறீர்கள். கால் எதில் நிற்கிறது என்று ஒருவர், ஒரே ஒருவர், இதுவரை கேட்டதில்லை. படத்திலும் காலின் அடி எப்போதும் வெட்டுப்பட்டுத்தான் இருக்கிறது.

புதிதாகத் தொழிலுக்கு வந்தவர்களுக்காக என் அனுபவத்தை எழுதித் தரச் சொல்லி நம் சங்கச் செயலாளர் இரண்டு முறை போன் செய்தார். எந்தக் குழாய் எத்தனை கேஜ், எந்த பிரைமர், எத்தனை கோட் என்றெல்லாம் நான் எழுதப் போவதில்லை. அதைச் சொல்ல உங்கள் போனிலேயே ஆயிரம் மேதைகள் இருக்கிறார்கள். அவர்களில் யாரும் வைகாசி மாதத்து மேற்குக் காற்றில் ஒரு மொட்டை மாடியில் நின்றதாகத் தெரியவில்லை. நான் நின்றிருக்கிறேன், அதுவும் கையில் கத்தியோடு. அதைத்தான் எழுதுகிறேன்.

அதற்கு முன்னால் ஜெகதாப்பட்டினத்தில் நான் பட்ட அவமானத்தைச் சொல்லிவிட வேண்டும். அது இல்லாமல் இது புரியாது. தொழில் தொடங்கிய புதிதில் அங்கே ஓர் ஐஸ் கம்பெனிக்குச் சுற்றுவேலி போடக் கூப்பிட்டார்கள். நான் பொன்னமராவதிக்காரன். கடலை அதற்கு முன் இரண்டு முறை பார்த்திருப்பேன். இரண்டு முறையும் காலை நனைத்துவிட்டு வந்ததோடு சரி. ஆனால் எனக்குத் தெரியாதது உலகத்தில் எதுவும் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்த வயது அது. ஆள் உயரத்துக்கு மேல் தகரத்தை இடைவெளியே இல்லாமல் அடித்து, எறும்புகூட நுழைய முடியாது என்று பெருமை பேசிவிட்டு வந்தேன். நாற்பது நாள் நின்றது. பிறகு ஒரு மத்தியானம் முழு வரிசையும் காலோடு, காலைப் பிடித்திருந்த சிமெண்டு உருண்டையோடு, படுத்துக்கொண்டது.

அதைத் தூக்கி நிறுத்தப் போனபோது பக்கத்தில் நாட்டுப்படகுக்காரர் ஒருவர் வலையைச் சரி பண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைவிட இரண்டு வயது சின்னவராகத்தான் இருப்பார். பெயரைக் கேட்டுக்கொள்ள எனக்குத் தோன்றவில்லை. என்னைப் பார்த்து அப்படி ஒரு சிரிப்புச் சிரித்தார்.

“ஏங்க, நீங்க வேலி போட்டீங்களா, படகுக்குப் பாய் கட்டுனீங்களா?”

“வேலிதான். ஒங்களுக்கு எப்புடித் தெரியுது?”

“எனக்குப் பாயாட்டம்தான் தெரியுது. காத்த அடைச்சா அது சும்மா போயிருமா? போறதுக்கு வழி விடுங்க.”

எனக்கு வாய் சும்மா இருக்குமா? “கடல்ல ஒங்களுக்குத் திடீர்னு காத்து வந்தா என்ன செய்வீங்க, வழி விட்டுருவீங்களோ?” என்று எகத்தாளமாகக் கேட்டேன்.

“பாயை எறக்குவோம்.”

“எறக்க நேரமில்லைன்னா?”

அவர் நூலை அறுக்க வைத்திருந்த கத்தியைத் தூக்கிக் காட்டினார். “அறுப்போம். பாய் போனா வேற தச்சுக்கலாம். படகு கவுந்தா நீங்க வந்து தூக்குவீங்களா?”

தகரத்துக்குத் தகரம் நாலு விரல் இடைவெளி விட்டு மறுபடி அடித்தேன். அதற்குப் பிறகு அது சாயவில்லை. அந்த ஆளுக்கு ஒரு நன்றிகூடச் சொல்லாமல் பஸ் ஏறினேன். இன்றைக்குக் கோட்டைப்பட்டினத்தில், கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில், ‘துருவே பிடிக்காது’ என்று சத்தியம் செய்து மலிவான எவர்சில்வர் குழாயில் கேட்டும் கைப்பிடியும் போட்டுவிட்டு, அடுத்த வருஷம் அது டீத்தண்ணீர் நிறத்துக்கு மாறியதும் போனை எடுக்காமல் இருக்கிறீர்களே சிலர், உங்களைப் பார்க்கும்போது அந்த வயதில் நான் எப்படி இருந்தேன் என்பது எனக்கு நன்றாகத் தெரிகிறது. பார்க்கச் சகிக்கவில்லை.

இனி கத்தி விஷயத்துக்கு வருகிறேன்.

பொன்னமராவதிக்குப் பக்கத்தில் ஒரு ஊர். ஊர்ப் பெயர் வேண்டாம், வீட்டுக்காரரின் பெயரைச் சேகர் என்று வைத்துக்கொள்வோம். சிங்கப்பூரில் பன்னிரண்டு வருஷம் வேலை பார்த்துவிட்டு வந்து புது வீடு கட்டியிருந்தார். மனைவி வளர்மதி, ஒரு வயது ஆகப்போகிற பெண் குழந்தை. மொட்டை மாடிக்கு என்னைக் கூட்டிப்போய்ப் போனில் ஒரு படத்தைக் காட்டினார். பனி பெய்கிற ஏதோ ஒரு தேசம். கூரையில்லாத ஒரு பந்தல், அதன் கீழே இரண்டு வெள்ளைக்காரர்கள் கம்பளி போர்த்திக்கொண்டு காபி குடிக்கிறார்கள்.

“இதே மாதிரி பெர்கோலா வேணும்ணே.”

“இது வெயிலுக்கு ஏங்குறவங்க கட்டுறது சேகரு. நம்ம ஊருக்கு என்னத்துக்கு? மேல சீட்டுப் போட்டுத் தாரேன், கீழ வீடும் குளுகுளுன்னு இருக்கும்.”

“கூரை போட்டா மாடி எடுத்த கணக்காயிரும்ணே. பிளான்ல தரைத்தளம் மட்டும்தான் வாங்கியிருக்கு. கூரையில்லாட்டி அது வெறும் அலங்காரம். எவனும் ஏன்னு கேக்க முடியாது.”

நம் ஜனங்களுக்குச் சட்டம் என்றால் இவ்வளவுதான். எதற்காக வைத்தார்கள் என்று யோசிக்கவே மாட்டார்கள். எந்த ஓட்டையில் தலை நுழையும் என்று மட்டும் பார்த்து வைத்திருப்பார்கள். “நெழல் பட்டை பட்டையா விழும்ணே, போட்டோவுக்கு அதான் அழகு” என்று வேறு சொன்னார். பட்டை பட்டையாக நிழல் விழுந்தால் பட்டை பட்டையாக வெயிலும் விழும் என்பதை அவருக்கு விளக்க என்னால் முடியவில்லை. வேலையை ஒத்துக்கொண்டேன்.

அந்த மாடியில், பிற்காலத்தில் மேலே கட்டுவதற்காகத் தூண்களின் கம்பிகளை ஆள் உயரத்துக்கு நீட்டி விட்டிருந்தார்கள். நம் பக்கத்தில் எல்லா வீட்டிலும் இருப்பதுதான். நாலு மூலையிலும் கட்டைவிரல் கனக் கம்பிகள், அஸ்திவாரத்திலிருந்து எழுந்து வருபவை. என் பந்தல் கால்களை அந்தக் கம்பிகளோடு சேர்த்து வெல்டு வைத்துவிட்டால் வீடு பறந்தால்தான் பந்தல் பறக்கும். அதைத்தான் சேகரிடம் சொன்னேன்.

“ஐயய்யோ, அந்தக் கம்பியைப் பாத்தாலே கட்டி முடிக்காத வீடு மாதிரி இருக்குண்ணே. அதை அறுத்துட்டு வெள்ளை டைல்ஸ் ஒட்டப்போறேன். நீங்க டைல்ஸ் மேல தட்டு வச்சு போல்ட் அடிச்சு விடுங்க. காங்கிரீட்டுல மட்டும் ஓட்டை போட்டுறாதீங்க, ஒழுகும்.”

கம்பி அறுக்கிற கிரைண்டரோடு என் ஆட்கள் மேலே ஏறியபோது வளர்மதி அங்கே துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். அந்தக் கம்பிகளுக்கு இடையேதான் கொடிக்கயிறு கட்டியிருந்தார். “இதை அறுத்துட்டா கொடியை எங்கிட்டுங்கண்ணே கட்டுறது?” என்று கேட்டார். “அரண்மனை மாதிரி பந்தல் வருது, நீங்க இன்னும் கொடிக்கயித்தப் பத்திப் பேசுறீங்களேம்மா” என்று சொல்லிச் சிரித்தேன். என் ஆட்களும் சிரித்தார்கள். அரை மணி நேரத்தில் நாலு மூலையும் தரையோடு தரையாகிவிட்டது.

டைல்ஸ் வந்தது. அதன் மேல் காலுக்கு ஒரு தட்டு, தட்டுக்கு நாலு போல்ட் என்று அடித்தேன். ஒழுகக் கூடாது என்பதால் கட்டை போல்ட். அது டைல்ஸையும் அதற்குக் கீழே இருந்த சுண்ணாம்புச் செங்கல் பூச்சையும் மட்டும் கவ்வும், காங்கிரீட்டைத் தொடாது. அது போதாது என்பது எனக்குத் தெரியாமலா இருந்தது? ஆனால் இது கூரையில்லாத பந்தல், காற்று ஊடே போய்விடும், தூக்குவதற்கு என்ன இருக்கிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஜெகதாப்பட்டினத்தில் படித்த பாடம் பாருங்கள், அதை எதற்குப் பயன்படுத்திக்கொண்டேன் என்று!

வேலை முடிந்து கிளம்புகிற சமயத்தில் சேகர் வந்தார். “அண்ணே, சுத்தி வரக் கொஞ்சம் கொக்கி வெல்டு வச்சுக் குடுங்க. விசேஷத்துக்கு சீரியல் லைட்டு மாட்டணும்.”

“எத்தனை?”

“நாப்பத்தெட்டு.”

சீரியல் லைட்டுக்கு எட்டுக் கொக்கி போதும். நாற்பத்தெட்டு எதற்கு என்று பட்டறை வாசலில் படுத்திருக்கிற நாய்க்குக்கூடத் தெரியும். எனக்கும் தெரிந்தது. கேட்டால் பதில் வரும், பதில் வந்தால் நான் மாட்டேன் என்று சொல்ல வேண்டியிருக்கும். அதனால் கேட்காமல் வைத்துக் கொடுத்தேன். அன்றைக்கு நான் செய்தது வேலை இல்லை, கண்ணை மூடிக்கொள்ளுதல். நாற்பத்தெட்டு முறை மூடிக்கொண்டேன்.

வைகாசியில் குழந்தைக்குக் காதுகுத்து. என்னையும் பத்திரிகை வைத்து அழைத்திருந்தார்கள். காலையிலேயே குலதெய்வக் கோயிலில் காது குத்திவிட்டு, மத்தியானம் வீட்டில் விருந்து. கீழே வாசலில் சாமியானாவுக்குள் பந்தி, மேலே என் பந்தலில் சீரும் போட்டோவும். மூன்று மணி வாக்கில் போனேன். படியேறி மாடியில் கால் வைத்து நிமிர்ந்தால், வானம் முழுக்க ஒரு மனிதர் பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

தாய்மாமன். வளர்மதியின் அண்ணன், மதுரையில் லாரி செட் வைத்திருந்தவர். காதுகுத்தென்றால் தாய்மாமன்தான் நாயகன், அவர் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும், அவர் சீரோடுதான் விசேஷமே நடக்கும் என்பதெல்லாம் நமக்குத் தெரிந்ததுதான். அவருக்கு மரியாதை செய்ய ரோட்டோரம் ஒரு ஃப்ளெக்ஸ் வைத்திருந்தால் போதாதா? சேகர் பந்தல் அளவுக்கே ஃப்ளெக்ஸ் அடித்து, எழுத்தும் முகமும் கீழ்ப்பக்கம் தெரியும்படி, நாற்பத்தெட்டுக் கொக்கியிலும் நைலான் கயிறு கோத்து, மேளத்துத் தோல் மாதிரி இழுத்துக் கட்டியிருந்தார். உட்கார்ந்திருப்பவர்கள் நிமிர்ந்தால் மாமன் முகம். காது ஒன்றே நாலடி இருக்கும். ‘அன்புத் தாய்மாமன்’ என்று ஒவ்வொரு எழுத்தும் ஒரு ஆள் படுக்கிற அளவில்.

“எப்புடிண்ணே நம்ம ஐடியா?” என்றார் சேகர். “வெயிலும் வரல. கூரையும் இல்ல.”

அந்த நிமிஷமே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. நாற்பது பேர் உட்கார்ந்திருக்கிற இடத்தில், நான் கட்டியது சரியில்லை என்று நானே எப்படிச் சொல்வது? டம்ளரில் கொடுத்த ரோஸ்மில்க்கை வாங்கிக் குடித்துக்கொண்டு மூலையில் நின்றேன். வாழை இலைகளைக் கத்தியால் நறுக்கி அடுக்கிக்கொண்டிருந்த சமையல்காரர் ஒருவர் என் பக்கத்தில் இருந்தார்.

சீர்த் தட்டுகள் ஏறி முடிவதற்குள் மேற்கே கறுத்துவிட்டது. கோடை மழை எப்படி வருமென்று தெரியுமே. முதலில் இலை அசையாது, புழுக்கம் கழுத்தைப் பிடிக்கும், பிறகு தெருப் புழுதி எழுந்து ஓடும். புழுதி எழுந்ததைப் பார்த்தேன். ஃப்ளெக்ஸ் ஒரு முறை ‘டொப்’ என்று அடித்தது. மாமன் முகம் மேலே உப்பிக் கீழே இறங்கியது. சனங்கள் கைதட்டிச் சிரித்தார்கள்.

நான் காலைப் பார்த்தேன். மேற்கு மூலைக் காலுக்குக் கீழே தட்டைச் சுற்றி மெல்லிசாக வெள்ளைத் தூள் பறந்தது. அடுத்த முறை ஃப்ளெக்ஸ் உப்பியபோது தட்டு ஒரு நூல் அளவு எழுந்து உட்கார்ந்தது. அந்தக் காலிலிருந்து இரண்டடியில் நாற்காலி போட்டு, மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு, தாய்மாமன் போட்டோவுக்கு உட்கார்ந்திருந்தார். அந்தக் கால் பிடுங்கிக்கொண்டால் மற்ற மூன்றும் அதோடு வரும். இருநூறு கிலோ இரும்பு முதலில் அவர்கள் மேல் புரளும். பிறகு கைப்பிடிச்சுவரைத் தாண்டிக் கீழே பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள் மேல் விழும்.

“சேகரு, எல்லாரையும் கீழ எறக்குங்க, ஒடனே!”

“இருங்கண்ணே, இன்னும் ரெண்டு போட்டோதான். மழை வந்தாத்தான் மேல மூடியிருக்கே!”

இறக்குவதென்றாலும் ஒற்றை ஆள் போகிற படிக்கட்டு. நாற்பது பேர், பட்டுப்புடவை, சீர்த் தட்டு, கிழவர்கள். பத்து நிமிஷம் ஆகும். காற்றுக்கு அவ்வளவு பொறுமை இருப்பதாகத் தெரியவில்லை. கயிறுகளை அவிழ்க்கலாமென்றால் நாற்பத்தெட்டு முடிச்சு. கொக்கிகளைப் பிடுங்கலாமென்றால் அவை என் கைவேலை, ஒன்றுகூடக் கழன்று வராது. அப்போது எனக்கு எந்தப் புத்தகமும், எந்த இன்ஜினியரும் நினைவுக்கு வரவில்லை. வலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து என்னைப் பார்த்துச் சிரித்த அந்த ஆள்தான் வந்தார், கத்தியைத் தூக்கிக் காட்டிக்கொண்டு.

சமையல்காரர் கையிலிருந்த இலைக்கத்தியைப் பிடுங்கினேன். சீர்த் தட்டுகள் வைத்திருந்த மேஜை மேல் ஏறினேன். ஆப்பிள் உருண்டது, யாரோ ஒரு அம்மா அலறினார். எட்டிய இடத்தில் குத்தினேன். அது மாமனின் தாடையாக இருந்தது என் குற்றமில்லை. அங்கிருந்து மூக்கு வழியாக நெற்றிவரை ஒரே இழுப்பு. திரும்பி, காதிலிருந்து காதுக்கு இன்னொன்று. மூன்றாவது இழுப்புக்கு அவசியம் இருக்கவில்லை. அந்த நேரத்தில்தான் காற்று வந்தது. கிழிந்த இடத்தில் நுழைந்து ஃப்ளெக்ஸை நாலாகப் பிளந்து, படபடவென்று அடித்துக்கொண்டு, மேலே போய்விட்டது. பந்தல் ஒரு முறை முனகியது. பிறகு மழை அத்தனை பேர் தலையிலும் கொட்டியது.

கால் மணி நேரத்தில் எல்லாம் ஓய்ந்துவிட்டது. பந்தல் ஜம்மென்று நின்றது. அதுதான் எனக்கு வந்த கேடு. விழுந்திருந்தால் என்னைக் கடவுள் என்றிருப்பார்கள். நின்றதால் நான் பைத்தியக்காரன்.

“எவன்டா அது, எம் மொகத்தக் கிழிச்சவன்?” என்று தாய்மாமன் என் சட்டையைப் பிடித்தார். நனைந்த சட்டை, தோளோடு கிழிந்தது. ஒரு அறையும் விழுந்தது.

“பந்தல் தூக்கியிருக்குங்க...”

“எங்கடா தூக்குச்சு? நிக்கிதுல்ல? கண்ணு தெரியல ஒனக்கு? சபையில வச்சு எம் மொகத்துல கத்திய வக்கிறியே, எவன் சொல்லிக் குடுத்தான்? ஏம்மா வளரு, ஒம் புருசன் வீட்டுல எனக்கு இதுதான் மரியாதையா?”

அவரும் அவரோடு வேனில் வந்த அத்தனை பேரும் கை நனைக்காமல் கிளம்பிப் போனார்கள். வளர்மதி வாசல்வரை அழுதுகொண்டே ஓடினார், அண்ணன் திரும்பிப் பார்க்கவில்லை. சேகர் என்னிடம் வந்து, “நல்லா இருங்கண்ணே” என்று மட்டும் சொன்னார். அதற்கு அந்த அறையே தேவலை.

மறுநாள் காலை ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனேன். மன்னிப்புக் கேட்க இல்லை. அந்த அளவு நல்லவன் இல்லை நான். சாட்சியைத் தேடிப் போனேன். சேகர் என்னைக் கண்டதும் உள்ளே போய்விட்டார். வளர்மதிதான் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கூடவே மாடிக்கு வந்தார். முகம் வீங்கியிருந்தது.

மேற்கு மூலைக்குப் போய்க் குனிந்தேன். தட்டு டைல்ஸிலிருந்து ஒரு விரல்கனம் எழுந்து நின்றது. நாலு போல்ட்டும் செங்கல் தூளோடு வெளியே வந்திருந்தன. என் வாழ்க்கையில் என் வேலை கெட்டுப்போனதைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டது அந்த ஒரு நாள்தான்.

“இங்கிட்டு வாங்கம்மா, வந்து பாருங்க! பாத்தீங்களா? எந்திரிச்சிருச்சு. இன்னும் ஒரு இழுப்பு, அம்புட்டுத்தான். ஒங்க அண்ணன், புள்ள, எல்லாரும்... இதுக்குத்தான் கிழிச்சேன். சும்மாவா கிழிச்சேன்?”

அவர் குழந்தையை இறக்காமலே குத்துக்காலிட்டு உட்கார்ந்து தட்டுக்கு அடியில் விரலை விட்டுப் பார்த்தார். விரல் முழுசாகப் போனது. கொஞ்ச நேரம் எடுக்கவில்லை.

“இந்த போல்ட்ட அடிச்சது யாருங்கண்ணே?”

நான் போல்ட்டில் ஒட்டியிருந்த செங்கல் தூளைத் தட்டிவிட்டேன்.

“இந்த எடத்துலதான கம்பி இருந்துச்சு? ரெண்டு வருசமா அதுலதான் கொடி கட்டுனேன். ஆடிக் காத்துல ஈரப் போர்வை போட்டிருக்கேன். அசஞ்சது இல்ல.” அவர் குரலை உயர்த்தவே இல்லை. “கிழிச்சதுக்கு எங்கண்ணன் ஒங்கள அடிச்சுட்டாரு. அறுத்ததுக்கு யாருங்கண்ணே அடிக்கிறது?”

சேகர்தான் அறுக்கச் சொன்னார் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. நாற்பத்தெட்டுக் கொக்கிகளும் தலைக்கு மேலே வரிசையாக, நைலான் கயிற்றில் தொங்கிய கிழிசல்களோடு, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன. சேகருக்குக் கம்பியைப் பற்றி என்ன தெரியும்? சிங்கப்பூரில் அவர் பார்த்தது கப்பலுக்குப் பெயிண்ட் அடிக்கிற வேலை. தெரிந்தவன் நான். ஊரில் உள்ளவனையெல்லாம் முட்டாள் என்று ஏசிக்கொண்டு திரிந்தவன், அந்த மாடியில் இருந்தவர்களில் நிஜமான முட்டாள் யார் என்று ஒரு வயதுக் குழந்தையின் அம்மா சொல்லித் தெரிந்துகொண்டேன். வெட்கமாக இருந்தது. இன்றைக்கும் இருக்கிறது.

அவர் போனை எடுத்து அண்ணன் நம்பரைப் போட்டு என்னிடம் நீட்டினார். “நீங்களே சொல்லுங்க. கிழிச்சத மட்டும் சொல்லாதீங்க. அறுத்ததையும் சேத்துச் சொல்லுங்க.”

சொன்னேன். கம்பி, கட்டை போல்ட், கொக்கி, கண்ணை மூடிக்கொண்டது, எல்லாவற்றையும். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு வசவை எதிர்பார்த்தேன். வந்தது ஒரு கேள்வி.

“புள்ளய மடியில வச்சு நான் ஒக்காந்திருந்தேனே, அந்தக் காலுக்குப் பக்கத்துலயா?”

“ஆமாங்க. அதே காலுதான்.”

போனை வைத்துவிட்டார்.

அன்றைக்கே ஆட்களைக் கூப்பிட்டேன். பிறகு அவர்களை அனுப்பிவிட்டு நானே சுத்தியலை எடுத்தேன். நாலு மூலையிலும் வெள்ளை டைல்ஸை உடைத்து, பூச்சைக் கொத்தி, அறுபட்டுக் கிடந்த கம்பி முனைகளைத் தேடினேன். வைகாசி வெயிலில் அந்த வெள்ளைத் தரையில் முழங்காலிட்டு வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும் அது என்ன சுகமென்று. மேலே பட்டை பட்டையாக நிழல் வேறு. முனைகள் கிடைத்தன. அவற்றோடு புதுக் கம்பி சேர்த்து, காலைச் சேர்த்து, சுற்றிக் காங்கிரீட் போட்டேன். கொக்கிகளை ஒவ்வொன்றாக அறுத்துக் கீழே போட்டேன். சேகர் படியில் நின்று, “அது இருக்கட்டுமேண்ணே” என்றார். நான் திரும்பிப் பார்த்த பார்வையில் இறங்கிப் போய்விட்டார்.

மூன்று நாள் ஆயிற்று. கடைசி நாள் சாயங்காலம் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தபோது வளர்மதி இடுப்பில் குழந்தையும் கையில் ஒரு வாளித் துணியும் கயிறுமாக மேலே வந்தார். குழந்தையை வாளிக்குப் பக்கத்தில் இறக்கிவிட்டு, மேற்கு மூலைக் காலில் கயிற்றைக் கட்டினார். ஒரு காலைத் தரையில் ஊன்றி, உடம்பின் பாரம் முழுவதையும் கொடுத்து, பின்னால் சாய்ந்து இழுத்துப் பார்த்தார். இரண்டு முறை. அதற்குப் பிறகுதான் ஈரத் துணியை எடுத்து உதறினார்.

நீங்கள் படம் எடுத்துப் போட்டு வாங்குகிற கட்டைவிரல் எல்லாம் இருக்கட்டும். உங்கள் வேலையை அப்படி ஒருவர் இழுத்துப் பார்க்கும்போது மூச்சைப் பிடிக்காமல் உங்களால் நிற்க முடியுமா என்று யோசியுங்கள். நான் பிடித்துக்கொண்டுதான் நின்றேன்.

கீழே ஒரு கார் வந்து நின்ற சத்தம் கேட்டது. தாய்மாமன் படியேறி வந்தார். என்னைப் பார்த்தார். வாளிக்குப் பக்கத்திலிருந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டார். ஓரத்தில் கிடந்த நாற்காலியைக் காலாலேயே இழுத்து அதே மேற்குக் காலுக்குப் பக்கத்தில் போட்டு, குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, முதுகை அந்தக் காலில் சாய்த்து உட்கார்ந்தார்.